கத்தியை எடுக்குமுன் கோழியைக் கையில் எடுங்கள்



வீட்டில் நாலு பெட்டைக்கோழி நிற்கிறது. கம்பும் தவிடும் தின்கிறது, குப்பைமேட்டைக் கிளறுகிறது, சாயங்காலமானால் தவறாமல் வீடு வந்து சேருகிறது. ஆனால் பத்து நாளாக முட்டையைக் காணோம். அப்போது நம் வீடுகளில் என்ன பேச்சு வரும்? "தின்னுக்கிட்டுச் சும்மா திரியுது, ஞாயித்துக்கிழமை அடிச்சுக் குழம்பு வச்சிடலாம்" என்பார்கள். இல்லாவிட்டால் காலைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டு போவார்கள்.

சில சமயம் அது சரியான முடிவுதான். பல சமயம் நஷ்டம். ஓய்வில் இருக்கிற கோழியை அறுத்துவிட்டால் அடுத்த சுற்று முட்டை போச்சு. நோய் கண்ட கோழியைச் சந்தைக்குக் கொண்டு போனால் நோய் நாலு ஊருக்குப் போகும். முட்டைக் காசு என்பது வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும், அவசரத்துக்கு மருந்தும் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் இது சின்ன விஷயமில்லை.

முட்டை நின்றால் காரணம் நாலில் ஒன்று. கோழி ஓய்வெடுக்கிறது, அல்லது தீனியில் ஏதோ குறை, அல்லது முட்டை உள்ளே அடைத்துக்கொண்டது, அல்லது நோய். இந்த நாலையும் பிரித்துப் பார்க்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பது ஒரு நல்ல சரித்திரம். அதைச் சொல்லிக்கொண்டே வைத்தியத்தையும் சொல்கிறேன்.

எந்தக் கோழி இடவில்லை?

நாலு கோழியில் எது இடுகிறது, எது இடவில்லை என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. இந்தச் சிக்கல் படித்தவர்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1898-ல் கோவெல் என்பவர் பொறிக்கூடு வைத்துக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். கோழி முட்டையிட உள்ளே போனதும் கதவு தானாக விழுந்துவிடும். ஆள் வந்து திறந்து, கோழியின் கால் வளையத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, முட்டையைக் கணக்கில் எழுதிய பிறகுதான் வெளியே விடுவார். இன்ன கோழி இத்தனை முட்டை என்று அப்படித்தான் கணக்குத் தெரிந்தது.

பிறகு அதே நிலையத்துக்கு வந்த ரேமண்ட் பேர்ல் அந்தக் கணக்குகளை எல்லாம் அலசினார். நிறைய முட்டையிட்ட கோழிகளாகவே பொறுக்கி வருஷக்கணக்கில் இனம் பெருக்கியும், மந்தையின் சராசரி உயரவில்லை என்று கண்டார். ஒரு கோழி எத்தனை இட்டது என்பதோடு, அதன் குஞ்சுகள் வளர்ந்து எத்தனை இட்டன என்பதையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து வந்தது.

நமக்குப் பொறிக்கூடு வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் காலையில் கோழியைப் பிடித்து, பின்பக்கம் தடவிப் பார்த்து, "இன்னிக்கு இடும்" என்று சொல்லிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்களே, அதுவே போதும். சந்தேகமான கோழியின் காலில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டி மூன்று நாள் தனியே கவிழ்த்துப் பாருங்கள். தீனியும் தண்ணீரும் உள்ளேயே வையுங்கள். அது வைக்கோற்போரிலோ வேலி மறைவிலோ திருட்டுத்தனமாக இட்டுக்கொண்டிருந்தால் இதில் வெளிப்பட்டுவிடும். காக்கை, கீரி, பாம்பு கொண்டு போயிருந்தாலும் தெரிந்துவிடும்.

கை சொல்லும் சேதி

அடுத்தது கோழியின் உடம்பைப் படிப்பது. கலிபோர்னியாவில் பெட்டலூமா என்று கோழிப் பண்ணைக்குப் பேர்போன ஊர். அந்த ஊரிலிருந்து வால்ட்டர் ஹோகன் என்பவர் 1913-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கோழியின் பின்பக்கத்தில் கூராகத் துருத்தும் இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தாலே முட்டையிடும் கோழியைக் கண்டுபிடிக்கலாம் என்றார். அவர் சொன்னதெல்லாம் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் இந்தச் சோதனை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

செய்து பாருங்கள். முட்டையிடுகிற கோழிக்கு அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே இரண்டு விரலாவது நுழையும். அந்த முனைகளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்கும். வயிறு மெத்தென்று இருக்கும். பின்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். கொண்டை சிவந்து தடித்து, தொட்டால் சூடாக இருக்கும். முட்டை நின்ற கோழிக்கோ எலும்பு முனைகள் நெருங்கி ஒரு விரல்கூட நுழையாது. துவாரம் சுருங்கிக் காய்ந்திருக்கும். கொண்டை வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

1915-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டார்ஸ் என்ற இடத்தில் பிளேக்ஸ்லீ, வார்னர் என்ற இருவர் இன்னொரு அடையாளத்தைச் சொன்னார்கள். மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் உள்ள கோழி முட்டையிட ஆரம்பித்ததும் உடம்பிலுள்ள மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும். தீனியில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சத்து மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் இப்படி ஆகிறது. முதலில் பின்துவாரம் வெளுக்கும். பிறகு கண்ணிமை, அப்புறம் அலகு, கடைசியில் கால். முட்டை நின்றால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பி வரும். கால் வெளுத்திருக்கிறது, ஆனால் துவாரம் மட்டும் மஞ்சளாகிவிட்டது என்றால், பல மாதம் நன்றாக இட்ட கோழி இப்போதுதான் நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அதை அறுக்கலாமா? அது உழைத்துக் களைத்த கோழி அல்லவா! கறுப்புக் கால், வெள்ளைக் கால் கோழிகளுக்கு இந்தக் கணக்குச் சரிப்படாது. அவற்றுக்கு விரல் சோதனைதான்.

இன்னொரு சங்கதி. "நேத்து இட்டது, இன்னிக்கு இடலை" என்று பதற வேண்டாம். கான்சாஸ் மாநிலத்தில் வாரன், ஸ்காட் என்ற இருவர் 1935-ல் முட்டை உள்ளே உருவாகும் நேரத்தை அளந்து சொன்னார்கள். மஞ்சள் கரு கழன்று வந்ததிலிருந்து முட்டை வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே? ஆகவே நல்ல கோழியும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து இட்டு, ஒரு நாள் விட்டுவிடும். அது இயற்கை.

ஓய்வா என்று பாருங்கள்

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். கூட்டைவிட்டு எழுந்திருக்காது, கை வைத்தால் இறகைச் சிலிர்த்துக் கொக்கரித்துக் கொத்த வரும். முட்டை நின்றதற்குக் காரணம் இதுவானால் வைத்தியமே தேவையில்லை. ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானி, புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப்பையிலிருந்து ஊட்டும் பாலை ஆராய்ந்தபோது, அதைச் சுரக்க வைக்கும் பொருளுக்கு 1933-ல் புரோலாக்டின் என்று பேர் வைத்தார். அதே பொருளை ஊசி மூலம் செலுத்தினால் முட்டையிடும் கோழி அடைக்கு உட்காருகிறது என்று 1935-ல் அவரும் அவர் கூட்டாளிகளும் அறிவித்தார்கள். கூட்டின் சூடும் முட்டையின் ஸ்பரிசமும் கிடைக்கக் கிடைக்க அந்தச் சுரப்பு நீடிக்கும்.

ஆக, குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் கூட்டை விட்டுப் பிரிப்பதுதான் வழி. அடியில் காற்று புகும்படியான கம்பிக் கூண்டிலோ மூங்கில் கூண்டிலோ வைக்கோல் போடாமல் மூன்று நாலு நாள் வையுங்கள். தீனி, தண்ணீர் குறையக் கூடாது. மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பது, பட்டினி போடுவது எல்லாம் வேண்டாம். உடம்பு வாடினால் மறுபடி முட்டைக்கு வர இன்னும் நாளாகும்.

வருஷத்துக்கு ஒரு முறை கோழி இறகு உதிர்க்கும். கழுத்திலும் முதுகிலும் மொட்டையாகிப் புது முளை எழும்பும். இறகு முழுக்கப் புரதம். இறகையும் கட்டி முட்டையையும் இட அதற்குச் சத்து காணாது; எனவே முட்டையை நிறுத்திக்கொள்கிறது. இந்த நாட்களில் கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் கொஞ்சம் கொடுங்கள். பழைய பானையில் சாணியும் சாக்குத் துண்டும் வைத்துக் கரையான் பிடித்துப் போடுகிற நம் பழைய வழக்கம் மிக நல்லது.

வெளிச்சமும் ஒரு காரணம். 1930-களில் பிரான்சு தேசத்தில் பெனுவா என்பவர் வாத்துகளை வைத்துச் சோதித்து, வெளிச்சம் மூளையைத் தூண்டி இனப்பெருக்க உறுப்புகளை வளர வைக்கிறது என்று காட்டினார். விடிந்து வெகுநேரம் ஆகியும் பஞ்சாரத்தைத் தூக்காமல் இருட்டில் அடைத்து வைத்தால் கோழிக்குப் பகல் சுருங்கிப் போகும். விடியற்காலையில் திறந்து விடுங்கள்.

தீனியில் குறையா?

முட்டை வருகிறது, ஆனால் ஓடு மெலிசு, அல்லது ஓடே இல்லாத தோல்முட்டை என்றால் முதலில் சுண்ணாம்புச் சத்தை நினையுங்கள். 1799-ல் பிரான்சு தேசத்து ரசாயன அறிஞர் வோக்லன் ஒரு கோழிக்கு ஓட்ஸ் தானியம் மட்டும் போட்டு, தின்றதிலும் கழித்ததிலும் முட்டையிலும் உள்ள சுண்ணாம்பை அளந்து பார்த்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம்! கோழி தானாகவே சுண்ணாம்பை உண்டாக்குகிறது போலும் என்று அவர் நினைத்தார். இன்று நமக்கு விடை தெரியும். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. பண்ணை முட்டை அளவுள்ள ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைத் தேய்த்துக் கொடுக்கும்; முடியாமல் போகும்போது முட்டையை நிறுத்தும், காலும் தளரும்.

வைத்தியம் சுலபம். கிளிஞ்சலை இடித்து ஒரு சட்டியில் தனியே வையுங்கள். வேண்டிய கோழி வேண்டியதைத் தின்னும். முட்டை ஓட்டையே போடுவதானால் காயவைத்து, வறுத்து, நன்றாகப் பொடியாக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் முட்டையை உடைத்துத் தின்னும் கெட்ட பழக்கம் வந்துவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள்; வாய் வெந்து போகும்.

சித்திரை வெயிலிலும் ஓடு மெலியும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமிலவாயு வெளியே போய்விடுகிறது. ஓடு கட்ட அந்த வாயுவிலிருந்து கிடைக்கும் பொருளும் வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் வெப்பத்தில் வைத்த கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடு கெட்டிப்பட்டது. உடனே கடைக்குப் போய்ச் சோடா வாங்க வேண்டாம்! மர நிழலும், மண்சட்டியில் வேளைக்கு வேளை மாற்றிய குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் இரைப்பு குறையும்.

வெறும் சோற்றுப் பருக்கையும் வெள்ளை அரிசி நொய்யும் மட்டும் போட்டுக் கோழி வளர்ப்பவர்கள் ஜாவாத் தீவின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே பட்டேவியா நகரில் ராணுவ ஆஸ்பத்திரியில் டச்சு மருத்துவர் எய்க்மன் வேலை பார்த்தார். 1890-ம் ஆண்டுவாக்கில் அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையலில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. பிறகு புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்து அரிசியைக் கோழிக்குக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட்டார்கள், கோழிகள் பிழைத்துக்கொண்டன! தவிட்டில் உள்ள சத்து உலகத்துக்குத் தெரிய வந்தது இப்படித்தான். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே தவிடு, கம்பு, சோளம், கீரைத்தழை, பூச்சி புழு எல்லாம் கலந்து கிடைக்கட்டும்.

குடலில் புழு இருந்தாலும், இரவில் பேனும் செல்லும் ரத்தம் குடித்தாலும் போட்ட தீனி உடம்பில் ஒட்டாது. இறகை விலக்கிப் பாருங்கள். சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டால் கோழி புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். கூட்டின் சந்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள். குடற்புழு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

முட்டை அடைத்துக்கொண்டால்

இது அவசரம். கோழி வாலைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்து, ஒரே இடத்தில் நின்று முக்கும். கூட்டுக்குப் போகும், வரும், முட்டை வராது. வயிற்றைப் பின்புறம் மெதுவாகத் தடவினால் கெட்டியாக முட்டை தட்டுப்படும். முதல் முதலாக இடும் வெடைக்கோழிக்கும், கொழுத்த கோழிக்கும், சுண்ணாம்புச் சத்து குறைந்த கோழிக்கும் இது வரும்.

சுண்ணாம்புக்கும் முக்குவதற்கும் என்ன சம்பந்தம்? 1883-ல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்து கலந்த குழாய்த் தண்ணீரில் செய்த உப்பு நீரில் இதயம் துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்ததில் நின்றுவிட்டது. தசை இழுத்துச் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. முட்டையைத் தள்ளும் குழாயும் தசைதானே?

செய்ய வேண்டியது: கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைப் பாத்திரத்தில் எடுத்து, கோழியின் வயிறு நனைய 15 முதல் 20 நிமிஷம் உட்கார வையுங்கள். துடைத்து, துவாரத்தில் விளக்கெண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான இடத்தில் தனியே விடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இட்டுவிடும். இடாவிட்டால் இன்னொரு தடவை செய்யலாம். அன்றைக்குள் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கால்சியம் மருந்து கொடுப்பார். வயிற்றை அமுக்கிப் பிதுக்காதீர்கள். உள்ளேயே முட்டையை உடைக்காதீர்கள். ஓட்டுச் சில்லு குழாயைக் கிழித்துவிட்டால் கோழி பிழைக்காது.

நோய் என்றால்

ஒரு கோழி மட்டும் இடவில்லை என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றாக இருக்கும். ஊரில் பல வீட்டுக் கோழிகள் ஒரே வாரத்தில் நிறுத்தினால் அது நோய். முட்டை குறைவதோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு, கழுத்து முறுக்கு என்றால் அது நாம் சொல்லும் வெள்ளைக் கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் இதைக் கண்டார்கள். 1927-28-ல் இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியில் ராணிகேத் என்ற ஊரில் கோழிகள் மடிந்தன. பக்கத்து முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்தார். அதனால்தான் நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பேர்.

இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். 1940-களில் அதே முக்தேஸ்வரில் ஒரு தடுப்பூசி வகையை உண்டாக்கினார்கள். 1932-ல் தொடங்கிய நம் ராணிப்பேட்டை நிலையமும் இந்தத் தடுப்பூசியைத் தயாரித்து வந்திருக்கிறது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வார அளவில் இறக்கைக்குக் கீழே ஊசி. மந்தையாக அடைக்காத வீட்டுக் கோழியைப் பிடித்து ஊசி போடுவது கஷ்டம் என்று 1980-களில் மலேசியாவில் தீனியிலேயே மருந்தைக் கலந்து கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனிக் குருணையாகக் கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

கோழி பார்க்க நன்றாக இருக்கிறது, தின்கிறது, ஆனால் தோல்முட்டையாகவே இடுகிறது, கிளிஞ்சல் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் வேறொரு நோயாக இருக்கலாம். 1976-ல் நெதர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட முட்டை குறைவு நோய் அது. அந்தக் கிருமி வாத்துகளிடமிருந்து வந்தது. வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். ஒரே தொட்டியில் தண்ணீர் வைக்காதீர்கள்.

கோழிகள் கொத்துக் கொத்தாகத் திடீரென்று செத்தால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், விற்காதீர்கள். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாகத் தெரிய வந்தது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவதுதான் ஊருக்குச் செய்யும் உதவி. நோயில் செத்த கோழியின் இறகையும் குடலையும் குப்பைமேட்டில் எறிந்தால், பக்கத்து வீட்டுத் தாயின் சிறுவாட்டுப் பணத்தையும் சேர்த்து எறிந்த மாதிரி. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பெருமக்களே, முட்டை நின்றதும் கோழியைக் கையில் எடுங்கள். விரல் வைத்து எலும்பைப் பாருங்கள். கொண்டையைப் பாருங்கள். அடையா, இறகு உதிர்ப்பா என்று பாருங்கள். தீனியை நினைத்துப் பாருங்கள். வயிற்றைத் தடவிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும். எல்லாம் பார்த்த பிறகு, வயதாகி ஓய்ந்த கோழி, நோயில்லை என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு யார் வேண்டாம் என்றார்கள்?